மறுபடியும் வந்த விமர்சகன்

"மொதலாளி, அந்த யூடியூப்காரன் மறுபடியும் உள்ள போறான்!"

டிக்கெட் கவுண்டர் சௌந்தரம் வந்து சொன்னதும் கலியமூர்த்திக்குச் சுர்ரென்று ஏறியது.

ஏறாதா பின்னே? சிதம்பரத்தில் அவருடைய தியேட்டருக்கு ரொம்ப நாள் கழித்து வந்த நல்ல படம் இது. ஆட்டிசம் உள்ள அண்ணன், அவனைப் பார்த்துக்கொள்ளும் தம்பி, இவர்கள் கதை. பத்திரிகை, டி.வி. எல்லாம் கொண்டாடுகின்றன. யூடியூபில் விமர்சனம் சொல்லும் திருப்பாதிரிப்புலியூர் ராஜ்கமல் மட்டும், "சரியான அறுவை மக்களே, தியேட்டர் பக்கமே போயிடாதீங்க" என்று வீடியோ போட்டுவிட்டான். சுத்துப்பட்டு ஜனமெல்லாம் அவன் வாயைப் பார்த்துத்தான் படத்துக்கே கிளம்பும். பகல் ஆட்டம் காத்தாடுகிறது!

"அறுவைன்னவனுக்கு நேத்தும் இன்னைக்கும் இங்க என்னா வேலை?"

"எவன்கிட்ட காசு வாங்கித் தின்னானோ!"

"படத்தைத் திருட்டுத்தனமா புடிக்கிறான் சௌந்தரம். இன்னைக்குக் கையும் களவுமா மாட்டுவான் பாரு."

டார்ச்சோடு பூனை மாதிரி உள்ளே போனார். காலி தியேட்டரில் கடைசி வரிசையில் ராஜ்கமல். பக்கத்தில் வாட்டசாட்டமாக ஒரு ஆள், முன்னும் பின்னும் ஆடியபடி, திரையில் வரும் வசனத்தைக் கூடவே சொல்லிக்கொண்டிருந்தான். வெளிச்சம் பட்டதும் முகத்தைப் பொத்திக்கொண்டு அலறினான்.

"ஐயோ, அணைங்க சார்! அண்ணன் பயந்துடுவாரு."

கலியமூர்த்தி சட்டென்று அணைத்தார். கேமராவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"அண்ணனா?"

"ஆமா சார், அருண்குமார். எங்கண்ணனுக்கும் ஆட்டிசம்தான். ட்ரெய்லர் பார்த்ததுலேருந்து இந்தப் படந்தான் வேணும்னு ஒரே புடி. மொத நாள் கூட்டியாந்தேன். பசங்க விசிலடிச்சதுல மெரண்டு ரோட்டுக்கு ஓடிட்டாரு. பஸ்காரன் பிரேக் போட்டதால பொழைச்சாரு. கூட்டம் இல்லேன்னாதான் உக்காருவாரு சார். அதான்..."

"அதுக்கு என் பொழப்புல மண்ணைப் போடுவியா? படம் எடுத்தவன் என்னாய்யா பாவம் பண்ணான்?"

"தப்புதான் சார்." ராஜ்கமல் அண்ணன் முதுகைத் தடவிக்கொடுத்தான். "இவ்ளோ நல்ல படம் நான் பார்த்ததே இல்ல."

"அதை இன்னைக்கே வீடியோவுல சொல்லு. இல்லேன்னா ஊருக்கே நான் சொல்லுவேன்."

"சொல்லிடறேன். ஆனா நாளையிலேருந்து கூட்டம் வந்துடும். அண்ணன் பார்த்த படத்தையே தெனம் பார்க்கணும்பாரு..."

"உங்கண்ணனை நீ பாரு, என் தியேட்டரை நான் பார்க்கிறேன்!" வெடுக்கென்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அன்று ராத்திரியே ராஜ்கமல் மன்னிப்புக் கேட்டு வீடியோ போட்டான். மறுநாள் வாசலில் ஜனம் நெருக்கியடித்தது. கவுண்டரைத் திறக்கப்போன சௌந்தரத்தைக் கலியமூர்த்தி தடுத்தார்.

"இரு. பகல் ஆட்டத்துக்கு டிக்கெட் கொடுக்காதே. ஹவுஸ் ஃபுல் போர்டை மாட்டு."

"என்னா மொதலாளி இது! பின்வாசல் வழியா நீங்க விட்ட ரெண்டு பேர்தானே உள்ள இருக்காங்க?"

"அண்ணனும் தம்பியும் வந்துட்டாங்கல்ல? ஃபுல்லுதான், மாட்டு!"