துபாய்க் காய்ச்சல்

"துபாய்ல இருந்து வந்து நாலு நாளாச்சுங்க," என்றான் மாதேஷ். போர்த்திய கம்பளிக்குள் உடம்பு வெடவெடவென்று ஆடியது.

ஏற்காட்டு டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது மலேரியா, விட்டா உயிருக்கே ஆபத்து. வடகிழக்குப் பக்கம் தொத்துனதுன்னா ஒரு மாத்திரை, மத்த ஊருன்னா வேற மாத்திரை. யோசிச்சுச் சொல்லுங்க, வேற எங்கயாவது போனீங்களா?"

பக்கத்தில் மனைவி சிவரஞ்சனி நின்றிருந்தாள். துபாயில் ஏ.சி. ரூம் வேலை உறுதி என்று சொல்லித்தான் அவளைக் கட்டினான். சொந்த ஊரான தலைச்சோலையில் அவனுக்குப் பேரே துபாய் மாப்பிள்ளை. ஏஜெண்ட் ஏமாற்றியதையும், ஒரு வருஷமாகத் திரிபுராவில் போர்வெல் லாரியில் குழாய் தூக்கியதையும் அவள் முன்னால் எந்த வாயால் சொல்வான்?

"எங்கயும் இல்லீங்க. துபாய் மட்டுந்தான்."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு அவனையே பார்த்தார்.

"நீங்க வெளிய உக்காருங்க. மருந்துச் சீட்ட நான் வாங்கிட்டு வாரேன்," என்றாள் சிவரஞ்சனி.

காலையில் நாலு மாத்திரை, இரவில் நாலு, பாலோடு, மூன்று நாளைக்கு. அவளே உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் தப்பு மருந்தாச்சே என்று நினைத்துக்கொண்டேதான் விழுங்கினான். ஒரே வார்த்தை சொன்னால் பிழைத்துவிடலாம். பாழாய்ப்போன வாய், அந்த ஒன்றை மட்டும் சொல்ல மாட்டேன் என்றது.

என்னமாய் நம்பவைத்திருந்தான் அவளை! மார்கழி முழுக்க சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடியோவில் கூப்பிடுவான். அவள் களத்து வெயிலில் காயும் காப்பிக்கொட்டையைக் காட்டுவாள். கிழக்குக் கோடியில் இருக்கும் திரிபுராவில் அதற்குள் இருட்டிவிடுவதால் அவனுக்குப் பின்னால் நிற்கும் லாரி தெரியாது. "ரூம்ல லைட்ட அணைச்சிட்டேன் கண்ணு," என்று கூசாமல் சொல்வான்.

இரண்டாம் நாள் மத்தியானம் குளிர் மறுபடி தூக்கிப் போட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ரஞ்சனி, உன் மொகத்தப் பாக்கவே கூசுது. நான் துபாய் போகவே இல்ல. திரிபுரால போர்வெல் லாரில குழாய் தூக்குனேன். இந்த மாத்திர எனக்குக் கேக்காது. டாக்டர்கிட்டப் போயி உண்மையச் சொல்லிரலாம், வா." குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அவள் முந்தானையால் அவன் நெற்றியைத் துடைத்தாள்.

"மஸ்கட்டுல இருந்து எங்கண்ணன் கூப்புடுமில்லீங்க? நமக்கு அஞ்சு மணின்னா அங்கயும், பக்கத்துல துபாயிலயும் இன்னும் மத்தியான வெயிலு. நீங்க மட்டும் இருட்டுல நின்னீங்க. நொம்ப நாளா தெரியுமுங்க, நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

"அப்ப... இந்த மாத்திர?"

"அஞ்சு மணிக்கே இருட்டுற ஊர்ல இருந்து வந்தாருன்னு அன்னைக்கே டாக்டர்கிட்டச் சொல்லிட்டேனுங்க."