உதவாத ஒரு வரி

"மறுபடியும் திருப்பி அனுப்பிட்டாங்கடா!" இன்-சூ கீபோர்டைத் தள்ளிவிட்டான்.

பக்கத்து இருக்கை பில்-ஜே எட்டிப் பார்த்தான். "இப்ப என்னவாம்?"

"இருக்கை எண், பஸ் எண் ரெண்டையும் வெறும் எண்ணா வெச்சிருக்கேனாம். ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திக் குடுத்தா, தப்பைச் சரிபார்க்கிற கம்பைலர் கண்டுபிடிக்காதாம். ரெண்டுக்கும் தனித்தனி டைப், அதாவது தனி வகை, வைக்கணுமாம். இன்னிக்குத்தானா கிடைச்சுது இதெல்லாம்?"

நாளை மறுநாள் சூசொக், கொரியாவில் முன்னோருக்குப் படையல் வைக்கும் அறுவடைப் பண்டிகை. பஸ் டிக்கெட் ஆப்புக்கு இவன் எழுதிய புரோகிராம் கோட் மாலை ஆறுக்குள் சேர்ந்தே ஆகணும், அதுவரை யாரும் நகரக் கூடாது என்று டீம் லீடர் கறாராகச் சொல்லிவிட்டார். எட்டு மணிக்கு சொந்த ஊர் மொக்போவுக்கு ரயில். அப்பா தவறிய பிறகு வருகிற முதல் சூசொக். படையல் வைக்க வேண்டிய மூத்த பிள்ளை இவன்.

அதைப் பார்த்து ஓகே சொல்ல வேண்டியவர் சீனியர் போங்-ஹீ மேடம். அந்தம்மா அசைகிற மாதிரி தெரியவில்லை.

திருத்தி அனுப்பினான். அடுத்த குறை வந்தது. பொறுக்க முடியாமல் அவர் மேஜைக்கே போய்விட்டான்.

"மேடம், ஓடுதுல்ல? அப்புறம் என்ன?"

"இங்கே ரெண்டு ஆச்சரியக்குறி போட்டிருக்கீங்க. மதிப்பு காலியா வராதுன்னு கம்பைலர்கிட்ட சத்தியம் பண்றீங்க. வந்துட்டா ஆப் படுத்துடும்."

"வராது மேடம்!"

"வராதுன்னா, காலியாவே இருக்க முடியாத டைப்பா மாத்திடுங்க. சத்தியம் எதுக்கு?" மேடம் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அப்புறம், இதென்ன 'டி'ன்னு ஒரு பேர்? தேதியா, தூரமா? முழுசா எழுதுங்க."

"ஊருக்குப் போகணும் மேடம்..."

"அப்ப சீக்கிரம் எழுதுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினான். நல்ல நாள் அதுவுமா இப்படியா ஒரு மனுஷி உயிரை வாங்குவாள்!

ஆறு மணி ஆகப் போகும்போது ஒருவழியாக ஓகே வந்தது. கோட் உள்ளே போனது. பையை மாட்டிக்கொண்டு திரையை அணைக்கப் போனவன் அப்படியே நின்றான்.

அவனுடையதுக்குப் பின்னாடி இன்னொரு கோட் சேர்ந்திருந்தது. போங்-ஹீ மேடம் போட்டது. ஒரே ஒரு வரி. 'ஏ' என்று ஒரு பெயர், அதற்கு ஒன்று என்று மதிப்பு. ஆப்பில் எங்கேயும் பயன்படாத வரி.

"பார்த்தியா அநியாயத்தை! எனக்குன்னா ஊர்ப்பட்ட உபதேசம், அவங்களுக்குன்னா 'ஏ'! இந்தக் குப்பைக்கு எவன்டா ஓகே குடுத்தான்?"

"நான்தான்" என்றான் பில்-ஜே.

"நீயுமா? இரு, இப்பவே லீடர்கிட்ட சொல்லி அந்த வரியைத் தூக்க வைக்கிறேன்."

பில்-ஜே எழுந்து வந்து அவன் பையைப் பிடித்து இழுத்தான்.

"லூசு மாதிரி பண்ணாதே. இந்த டீம்ல உனக்கு இதுதான் முதல் பண்டிகை, எங்க வழக்கம் தெரியாது. லீவுக்கு முன்னாடி கடைசியா யாரோட கோட் உள்ளே போகுதோ, அவங்கதான் லீவு முடியற வரைக்கும் ஊருக்குப் போகாம ஆப்புக்குக் காவல் இருக்கணும். மேடம் அவங்க ஊரு டேகுவுக்குப் போற டிக்கெட்டை மத்தியானமே கேன்சல் பண்ணிட்டாங்க. அந்த ஒரு வரி இல்லேன்னா, இங்கே உட்கார்ந்திருக்கப் போறது நீதான்டா!"