எதிர்ப்பக்க ஜன்னல்

விதவை நாத்தனார் ஆவ்ரிகா சனிக்கிழமை வருகிறாள் என்றதும் வெதூரியா கணவனிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"உன் அக்கா வந்தா கட்டிலுக்கு அடியில தூசி தேடுவா. சர்ச்சுக்கு ஏன் போறதில்லைன்னு குடைவா. நாம சிகிஷோவாரா கோட்டைக்குள்ள ரெண்டு நாள் ரூம் போடுவோம்."

"நம்ம ஊர்லயே ரூம் போடுறதா? உனக்கு மரை கழண்டுடுச்சா?" என்றான் சொரின்.

"ஜெர்மன்காரனெல்லாம் வந்து அந்த மணிக்கூண்டுல ஏறுறான். நாம ஏறியிருக்கோமா? அக்காகிட்ட கடற்கரைக்குப் போறோம்னு புளுகிடு."

சொரின் பயந்துகொண்டே போன் செய்தான். அக்கா கோபித்துக்கொள்ளவே இல்லை.

"தாராளமா போயிட்டு வாங்க. என்கிட்டதான் உங்க வீட்டுச் சாவி இருக்கே. அவசரப்பட்டு மட்டும் திரும்பிடாதீங்க," என்றாள்.

சனிக்கிழமை மணிக்கூண்டில் ஏறி இறங்கிவிட்டு இருவரும் ஹோட்டல் அறைக்கு வந்தார்கள். ஒயினை ஊற்றிக்கொண்டு வெதூரியா ஜன்னல் திரையை விலக்கினாள். குறுகலான சந்துக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய சொந்த வீடு நின்றது.

"காசு குடுத்து நம்ம வீட்டு வாசலைப் பாக்குறோம்," என்று சொரின் முனகினான்.

அப்போது ஆவ்ரிகா சந்துக்குள் வந்தாள். கணவன் போனதிலிருந்து கறுப்பைத் தவிர வேறு உடுத்தாதவள், சிவப்புக் கவுனில் இருந்தாள். பெட்டியோடு பின்னால் வந்த வழுக்கைத்தலைக்காரர் அவள் இடுப்பைக் கிள்ள, அவள் சின்னப் பெண் போலச் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

"அக்காவா அது? இரு, கேக்குறேன்!" சொரின் ஜன்னல் கொக்கியில் கை வைத்தான்.

வெதூரியா அவன் கையைத் தட்டிவிட்டு, திரையை இழுத்து மூடினாள்.

"சும்மா இருடா. கீழே போய், ரூம் செவ்வாய்க்கிழமை வரைக்கும் வேணும்னு சொல்லிட்டு வா."