புதுப் பொத்தான்

விசாவுக்குக் காத்திருந்தே மூன்று பெருநாள் போயிற்று. இந்தப் பெருநாளுக்குக் கனடாவிலிருந்து வீடியோவில் வந்த கணவன் பஷீரின் சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் புதிதாக இருப்பதை ஜுலைஹா பார்த்துவிட்டாள்.

“யாரு தச்சா மச்சான்?”

“நாந்தான் புள்ள.”

“தையக்காரர் மவ, என்கிட்டயே கதையா?”

அவன் பொத்தானைப் பிய்த்து, ஊசியெடுத்து, அவள் கண்முன்னாலேயே தைத்துக் காட்டினான். நூலைப் பல்லால் கடித்து அறுத்தான், அச்சு அசல் அவளைப் போலவே. அவளுக்கு வயிறெரிந்தது. வேறொருத்தி என்றால் சண்டை போட்டு விரட்டலாம்; தான் இல்லாமலே பழகிவிட்ட இந்தக் கையை என்ன செய்வது?

“திரும்பப் பிச்சிருங்க. நான் வந்து தச்சுக்கறேன்.”

“இங்க பனி கொட்டுது புள்ள.”

“கொட்டட்டும்.”

பஷீரின் விரல்கள் மெல்லப் பொத்தானுக்குப் போயின.