நல்ல தெருவுக்கு வந்த கடிதம்

ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இருந்த பெண் நான் நீட்டிய கடிதத்தைப் பிரித்தாள். முகவரியைப் பார்த்தாள். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

"வாங்கம்மா, உட்காருங்க. ரொம்ப நேரம் ஆகாது. தண்ணி ஏதாவது குடிக்கிறீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அந்தத் தெருவில் எனக்கு இருப்பதெல்லாம் ஒரு பின்வாசல். காலை ஆறு மணிக்கு அதன் வழியாக உள்ளே போவேன். சமைப்பேன், துடைப்பேன், நாலு மணிக்கு அதே வழியாக வெளியே வருவேன். கடிதத்தில் பின்வாசல் என்றா போட்டிருக்கிறது? தெருவின் பெயர்தான் இருக்கிறது. அது போதும் இவளுக்கு.

இந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். அவளுக்குத்தான் என்னைத் தெரியவில்லை.

போன வருடம் நானும் அக்காவும் இதே கவுண்டரில் ஒரு மணி நேரம் நின்றோம். அன்றைக்கு அவள் எங்கள் முகத்தைப் பார்த்திருந்தால் அல்லவா இன்றைக்கு அடையாளம் தெரியும்.

நாற்பது வயது தாண்டிய பெண்கள் எல்லோரும் மார்பகப் பரிசோதனைக்கு வாருங்கள் என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள். அதை நம்பி, இரண்டு பஸ் மாறி, அரைநாள் விடுப்புக்குக் கெஞ்சி வந்தோம். முகவரி கேட்டாள். அக்கா எங்கள் சந்தின் பெயரைச் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த பேனா அப்படியே நின்றது.

"உங்க ஏரியாவுக்கே டெஸ்ட் எடுக்கிற வண்டி வரும். அங்கேயே பாத்துக்கங்க. இங்க வந்து கூட்டம் போடாதீங்க."

நாங்கள் இரண்டு பேர். அதுதான் கூட்டம்.

வண்டி வராமல் இல்லை. பொய் சொல்லக் கூடாது. ஏழு மாதம் கழித்து ஒரே ஒரு நாள் வந்தது. சந்துக்குள் நுழையாது என்று சாக்கடைக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டது. வேலை நாள், பகல் பதினொன்றரை மணி. அந்த நேரத்தில் எங்கள் சந்தில் எந்தப் பெண் வீட்டில் இருப்பாள்? பேனர் கட்டினார்களாம். பேனருக்கு முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்களாம். அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்களாம்.

அடுத்த வாரம் ரேடியோவில் ஒரு பெரிய டாக்டர் வருத்தப்பட்டார். வண்டியையே வாசலுக்கு அனுப்பினாலும் அந்தப் பகுதிப் பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லையாம். நானும் அக்காவும் வேலை செய்த அந்த நல்ல தெரு வீட்டுச் சமையலறையில் வெங்காயம் நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தோம்.

"இவரு எந்தக் கதவைத் தட்டிப் பாத்தாராம்?" என்றாள் அக்கா.

அக்கா லேசுப்பட்டவள் இல்லை. அன்று மாலையே தனியாக இங்கே வந்து, ஒரு படிவத்தை எடுத்து, நாங்கள் வேலை செய்யும் வீட்டு முகவரியை நிரப்பிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனாள். அதற்குச் சில மாதம் முன்பிருந்தே அவளுக்கு இடது மார்பில் ஏதோ கட்டி மாதிரி கைக்குத் தட்டுப்பட ஆரம்பித்திருந்தது.

நாலே மாதத்தில் கடிதம் வந்துவிட்டது. எங்கள் சந்துக்கு இன்று வரை ஒரு துண்டுக் காகிதம் வந்ததில்லை.

அதனால்தான் இப்போது மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். கவுண்டர் பெண் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பல் தெரியச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். நாளைக்கு எங்கள் சந்துப் பெண் ஒருத்தி வந்து நிற்பாள், அப்போது அந்தப் பல் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இரண்டாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தேன்.

உள்ளே ஒரு சின்னப் பெண் மிஷின் பக்கத்தில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"வீட்டுல யாருக்காவது இந்த நோய் வந்திருக்காம்மா?"

"அக்காவுக்கு."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"இல்ல."

"அவங்க பேரு?"

கடிதம் வந்தது அக்காவின் பெயருக்கு. அவள் போய் இருபது நாள் கழித்து வந்தது. அந்தப் பெயரில்தான் இப்போது நான் உட்கார்ந்திருந்தேன்.

அதனால் என் பெயரைச் சொன்னேன்.

அவள் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். பக்கத்துக் கட்டத்தில் இறந்துவிட்டார் என்று குறித்தாள். பிறகு மேல்சட்டையைக் கழற்றிவிட்டு வந்து, இடது கையைத் தூக்கி நிற்கச் சொன்னாள்.

தூக்கினேன்.