சவரியப்பன் வாயில் நுரை

நம்பினால் நம்புங்கள், ஒரு கடற்கரையில் நண்டுகளெல்லாம் சல்சா ஆடின. கரையோரம் கிடந்த பழைய படகைத் தட்டித் தட்டி அலையே தாளம் போட்டது.

சல்சாவுக்கு எட்டு எண்ண வேண்டும். நான்கிலும் எட்டிலும் மட்டும் கால் வைக்காமல் நிற்க வேண்டும். சவரியப்பன் என்கிற நண்டுக்கோ எண்ணுக்கு ஒன்றாக எட்டுக் கால்கள். இரண்டை மட்டும் சும்மா விட்டால் அவை கோபித்துக்கொள்ளுமே என்று எல்லாவற்றையும் வைத்தான். எண்ணுவதும் ஊருக்கே கேட்கிற மாதிரிதான்.

"ஓய் சவரி, நீர் ஆடுகிறீரா, கருவாடு எண்ணுகிறீரா?" என்றாள் அவனோடு ஜோடி சேர்ந்து ஆடிய ரோசம்மா. "இன்னொரு தடவை என் காலை மிதித்தால், நான் அதோ தனியாக ஆடுகிற இறாலோடு ஆடப் போய்விடுவேன்."

ரோசம்மா போய்விட்டால் அப்புறம் என்ன ஆட்டம்? பயத்தில் சவரி இன்னும் வேகமாக எண்ணினான். ஐந்து என்பதற்குள் வாய் நிறைய நுரை தள்ளிவிட்டது. சத்தமே வரவில்லை.

அப்போதுதான் படகில் அலை தட்டுவது அவனுக்குக் கேட்டது. மூன்று தட்டு, அப்புறம் அலை பின்வாங்குகிற ஒரு சின்ன அமைதி. அந்த அமைதியில் எட்டுக் கால்களும் தாமாகவே நின்றன. ரோசம்மா அவன் கொடுக்குக்குக் கீழே ஒரு சுற்றுச் சுற்றி, அடுத்த தட்டுக்குச் சரியாக வந்து நின்றாள்.

"இது எத்தனையாவது எண், ஓய்?"

தெரியாது என்று ஆட்ட நண்டுக்கு ஏது தலை? உடம்பையே ஆட்டினான். பிறகு வாயைத் துடைக்கக் கொடுக்கைத் தூக்கினான்.

ரோசம்மா அதை எட்டிப் பிடித்துக்கொண்டாள். "நுரை அப்படியே இருக்கட்டும். அடுத்த பாட்டுக்கு வாரும்."