ஐந்தாவது தலையோடு

எலுமிச்சை இலை தின்னும் பட்டாம்பூச்சிப் புழு வளர வளரத் தோலுரிக்கும். உரித்த தோலைத் தின்றுவிடும். தலையோட்டை மட்டும் விட்டுவைக்கும். தோலுரிப்பு, தலையோடு, பருவம் என்று மாலை வகுப்பில் கற்ற சொற்களை இந்த நோட்டில்தான் எழுதி வருகிறேன். ஒவ்வொரு தோலுரிப்புக்கும் ஒரு பருவம் கூடும்; ஐந்தாம் பருவத்துப் புழு நான்கு தலையோடுகளைக் கழற்றியிருக்க வேண்டும். ஒரே புழுவை வளர்க்கும் என் பெட்டியில் ஐந்து கிடந்தன. எனக்குத்தான் எண்ணத் தெரியவில்லையோ என்று வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்து லென்ஸால் மூன்று முறை பார்த்தேன். ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்; மூன்றாவதும் நான்காவதும் ஒரே அளவு. எந்தப் புழுவும் ஒரே தலையை இரண்டு முறை கழற்றாது.

நான் காய்ச்சலில் கிடந்த நான்கு நாளும் பெட்டியைப் பார்த்துக்கொண்டவள் பக்கத்து இருக்கை ஜெபசீலி. அவளுடைய புழு அந்த வாரம்தான் செத்ததாகச் சொன்னாள். முட்டையிலிருந்து ஒரே புழுவை வளர்த்துக் காட்டினால்தான் தேர்ச்சி.

“ஏட்டி, இது என் புழுதானா?”

“பின்ன யாரோடது? தலையை எண்ணி அதுக்கு ரேஷன் கார்டு போடப்போறியா?”

சிரித்தாள். தாளை மட்டும் பார்க்கவில்லை.

நாளை வகுப்பு மேடத்திடம் புழு வளர்ப்புப் பதிவேட்டைக் கொடுக்க வேண்டும். தலையோடுகள் என்ற கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை. ஜெபசீலி புது இலை வைக்கப் பெட்டிக்குள் கையை விட்டாள். நான் தொட்டாலே சிவப்புக் கொம்பை நீட்டி நாற்றமடிக்கும் புழு, அவள் விரலில் ஏறி அமைதியாகப் படுத்துக்கொண்டது.